வெந்நீரில் குளிக்கும் கிழங்குகள்

டாஃபடில் கிழங்கை எலி தின்னாது. மானும் சீண்டாது. தோட்டத்தில் நட்டிருக்கும் டியூலிப் கிழங்கைத் தோண்டி எடுத்து ருசித்துத் தின்கிற அணில்கூட, பக்கத்துப் பாத்தியில் இருக்கும் டாஃபடிலைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். காரணம், கிழங்குக்குள் இருக்கும் லைகோரின் என்ற நஞ்சு. தெரியாமல் கடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி எல்லாம் வரும். போதாக்குறைக்கு, செடியின் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வேறு. சேப்பங்கிழங்கை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான அதே பொருள்தான். நாள் முழுக்க டாஃபடில் பறிக்கும் தொழிலாளர்களுக்குக் கைவிரல்கள் சிவந்து, தடித்து, அரிப்பெடுக்கும்.

இப்படி நஞ்சும் ஊசியுமாக மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் கிழங்கை வீழ்த்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள, நிறமே இல்லாத ஒரு புழு. அப்புறம் ஒரு பூஞ்சை, ஓர் ஈ, சில வைரஸ்கள். பெரிய எதிரிகளுக்காகச் செய்துவைத்த ஆயுதம் எதுவும் இந்தச் சிறிய எதிரிகளிடம் பலிப்பதில்லை.

டாஃபடிலை நம்மில் பலர் நேரில் பார்த்ததில்லை. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில்தான் பார்த்திருக்கிறோம். அவர் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பார்த்தது காட்டு டாஃபடில். இன்று தோட்டங்களில் வளர்வன மனிதர்கள் கலப்பினம் செய்து உருவாக்கியவை. லண்டனில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் 27,000க்கும் அதிகமான டாஃபடில் ரகங்களின் பெயர்கள் இருக்கின்றன! நர்கிஸ் என்று காஷ்மீரில் சொல்வதும் இதே நார்சிசஸ் பேரினத்தைச் சேர்ந்த பூதான். குளிர்காலத்தின் குளிர் போதுமான அளவு படாவிட்டால் டாஃபடில் சரியாகப் பூக்காது. அதனால்தான் நம் சமவெளிகளில் அது கிடையாது. இங்கிலாந்தில் கார்ன்வால், லிங்கன்ஷயர் பகுதிகளிலும், கடல் கடந்தால் நெதர்லாந்திலும் அது வயல் வயலாக விளைகிற பயிர்.

ஆனால் டாஃபடிலின் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் உங்கள் வீட்டுச் சமையலறையில் கூடையில் கிடக்கிறார். வெங்காயம்! இரண்டும் அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பம். ஆகவே இப்போதே ஒரு வெங்காயத்தை எடுத்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நெட்டுவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் வேர் முளைக்கிற இடத்தில் கெட்டியாக ஒரு தட்டு தெரிகிறதா? அதுதான் உண்மையான தண்டு. அடித்தட்டு என்று சொல்வோம். அதன்மேல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பவை செதில் இலைகள், உணவைச் சேர்த்துவைத்த இலைகள். மேலே குறுகிப்போகும் பகுதி கழுத்து. டாஃபடில் கிழங்கும் இதே கட்டமைப்புதான். நோய் பார்க்கிறவர்களுக்கு அடித்தட்டு, செதில்கள், கழுத்து என்ற இந்த மூன்று இடங்களும்தான் முக்கியம். எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், யார் செய்த வேலை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வளையம் வளையமாக ஒரு புழு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டாஃபடில் விவசாயிகள் நடுங்கிப்போயிருந்தார்கள். இலைகள் வளைந்து நெளிந்து கோணலாக முளைத்தன. பூ சிறுத்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே மென்மையாகிக் குழைந்துபோனது. ஓர் ஆண்டு வயலின் ஒரு மூலையில் தெரிந்தது, சில ஆண்டுகளில் வயலையே காலி செய்தது. ஒரு வகைப் பூஞ்சைதான் இதற்குக் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அழுகின கிழங்கில் பூஞ்சை இருக்கத்தான் செய்தது. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் நிற்பவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடுவாரா?

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், அரச தோட்டக்கலைச் சங்கம் இந்தச் சிக்கலை ஜேம்ஸ் கிர்க்கம் ராம்ஸ்பாட்டம் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து வாக்கில்தான். விஸ்லி என்ற ஊரில் இருக்கும் சங்கத்தின் தோட்டத்தில் அவர் வேலையைத் தொடங்கினார். நோய்ப்பட்ட கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய செதில்களுக்கு நடுவே பழுப்பு வளையங்கள். அந்தப் பழுப்புச் சதையை நீரில் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், நெளிகின்ற நூல்கள்! அவை டிட்டிலெங்கஸ் டிப்சேசி என்ற நூற்புழுக்கள்.

ஏன் வளையமாகத் தெரிகிறது? புழு பெரும்பாலும் கழுத்து வழியாக ஒரு செதிலுக்குள் நுழைகிறது. அந்தச் செதில் கிழங்கைச் சுற்றி வளைந்திருப்பது அல்லவா? அது முழுவதும் கெட்டுப்போகும்போது, குறுக்கு வெட்டில் அது ஒரு பழுப்பு வட்டமாகத் தெரியும். பக்கத்துச் செதில் இன்னும் வெள்ளையாகவே இருக்கலாம். கிழங்கை வெட்டாமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. இலையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல உருவிப் பாருங்கள். ஆங்காங்கே சின்னச் சின்னப் புடைப்புகள் தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம். அந்தப் புடைப்புகள் வெளிர் மஞ்சளாக இருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டார். தண்டனை? புழு இருப்பது கிழங்கின் உள்ளே. மருந்து தெளித்தால் மேலே வழிந்து போய்விடும். கிழங்கைக் கொல்லாமல், அதற்குள் இருக்கும் புழுவை மட்டும் எப்படிக் கொல்வது? ராம்ஸ்பாட்டம் கண்ட விடை, வெந்நீர்.

‘ஐயோ, கிழங்கு வெந்துவிடாதா?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். கொதிக்கும் நீர் அல்ல. 43 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர். நம் வீட்டில் குளிக்க விளாவி வைப்பதைவிடச் சற்றுக் கூடுதல் சூடு, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் கிழங்குகளை மூன்று மணி நேரம் மூழ்க வைத்தார். புழு செத்தது. கிழங்கு பிழைத்தது. 1917இல் தன் முடிவைச் சங்கத்தின் முன்னால் வைத்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் நெதர்லாந்தின் லிசே ஊரில் வான் ஸ்லோக்டெரன் என்ற அறிஞரும் இதே புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரும் வெந்நீர் வழியைத்தான் அங்கே வளர்த்தெடுத்தார்.

மூன்று மணி நேரம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். புழு சாக அவ்வளவு நேரம் தேவையில்லை. தொட்டியில் நீர் சூடாக இருந்தாலும், கிழங்கின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு போய்ச் சேர நேரம் ஆகும். நடுவில் இருக்கும் புழுவும் சாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்காகச் சூட்டை ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்த்தால் கிழங்கு கெட்டுவிடும். புழுவைக் கொல்லும் சூட்டுக்கும் கிழங்கைக் கெடுக்கும் சூட்டுக்கும் நடுவே இருப்பது சில டிகிரி இடைவெளிதான். இன்று பிரிட்டனில் வழக்கமாகக் கையாளும் அளவு 44.4 டிகிரி, மூன்று மணி நேரம். டன் கணக்கில் கிழங்கு கொள்ளும் பெரிய தொட்டிகள், நீரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பம்புகள், சூட்டைக் கண்காணிக்கும் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. அடிப்படை மட்டும் அதே வெந்நீர்க் குளியல்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிழங்கு காயத் தொடங்கினால் இந்தப் புழுக்கள் கூட்டமாக வெளியே வந்து, அடித்தட்டின் ஓரத்தில் வெளுத்த பஞ்சுக் கொத்தாகத் திரண்டு, அப்படியே வற்றிப்போய்க் கிடக்கும். செத்துவிட்டதோ என்று தோன்றும். சாகவில்லை! இப்படி உலர்ந்த நிலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த புழுக்கள், நீர் பட்டதும் மறுபடி நெளியத் தொடங்கியதாகப் பதிவு இருக்கிறது. வற்றிக் கிடக்கும் புழு சூட்டையும் நன்றாகத் தாங்கும். உலர்ந்த கிழங்கை நேராக வெந்நீரில் போட்டால் சில புழுக்கள் தப்பிவிடும். அதனால் அனுபவசாலிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் கிழங்கைச் சாதாரண நீரில் ஊறவைத்துப் புழுவை எழுப்புவார்கள். அது விழித்துக்கொண்ட பிறகுதான் வெந்நீர்.

எப்போது குளிப்பாட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. அடுத்த வசந்தத்தில் பூக்கப்போகும் பூ, முந்தின கோடையிலேயே கிழங்கின் மையத்தில் உருவாகிவிடுகிறது. மிக மிகச் சிறியதாக, இதழும் மகரந்தப்பையும் உட்பட எல்லா உறுப்புகளோடும்! அது பாதி உருவாகிக்கொண்டிருக்கும்போது சூடு பட்டால் பூ ஊனமாகிவிடும். மிகவும் தாமதித்தால் வேர் முளைக்கத் தொடங்கிவிடும், அதுவும் கெடும். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே இதற்கு ஏற்ற காலம்.

ராம்ஸ்பாட்டம் நீண்ட நாள் வாழவில்லை. 1925இல், முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல், அமெரிக்காவுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். டாஃபடில் ரகங்களை உருவாக்கியவர்களின் பெயர்கள் பூக்காரர்களுக்கு மனப்பாடம். அந்தப் பூக்களை எல்லாம் காப்பாற்றியவரின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மருந்தே நோயைப் பரப்பினால்?

இப்போது அந்தப் பூஞ்சையைப் பார்ப்போம். நூற்புழு விஷயத்தில் அதன்மேல் தவறாகப் பழி விழுந்தாலும், அது ஒன்றும் அப்பாவி இல்லை. ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்பது அதன் பெயர். டாஃபடிலுக்கு வரும் அடியழுகல் நோய் அதன் கைவரிசை. பெயரே சொல்கிறது, அழுகல் அடித்தட்டில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். கிழங்கை நெட்டுவாக்கில் பிளந்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு கறை அடியிலிருந்து மேலே பரவியிருப்பது தெரியும். சில நேரம் செதில்களுக்கு நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் பூஞ்சணம். வெளியிலிருந்து பார்த்தால் கிழங்கு நன்றாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் அடித்தட்டை அழுத்திப் பாருங்கள். நல்ல கிழங்கு கல்லாட்டம் இருக்கும். நோய்க் கிழங்கு உள்ளே போகும்.

இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது வெப்பம். மண்ணின் சூடு 13 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை பேசாமல் கிடக்கும். அதைத் தாண்டினால் வேர் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழையத் தொடங்கும். 29 டிகிரியை நெருங்கினால் அதற்குத் திருவிழாதான். அப்படியென்றால், 44 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அது செத்துவிடுமா என்றால், அங்கேதான் சிக்கல். அதன் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்கின்றன. ஒரே ஒரு நோய்க் கிழங்கு தொட்டியில் விழுந்தால் போதும், வித்துகள் நீரில் மிதந்து அத்தனை நல்ல கிழங்குகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். குளித்து முடித்து ஈரத்தோடும் சூட்டோடும் வெளியே வரும் கிழங்கு, பூஞ்சைக்கு இலை போட்டு வைத்த விருந்து!

ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து இன்னொரு நோயைப் பரப்புகிறது. என்ன செய்வது? விவசாயிகள் நீண்ட காலம் தொட்டி நீரில் ஃபார்மலின் கலந்தார்கள். உயிரியல் ஆய்வகத்தில் பாம்பையும் தவளையையும் கெடாமல் போட்டு வைக்கிற திரவம் அதுதான். அது மிதக்கும் வித்துகளையும் புழுக்களையும் கொன்றது. ஆனால் மனிதர்களுக்கும் அது கெடுதல், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பின்னாளில் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. இப்போது வேறு பூஞ்சைக்கொல்லிகளையும் தொட்டியைத் தூய்மையாக வைக்கும் வழிகளையும் கையாள்கிறார்கள். ஃபார்மலின் அளவுக்கு எளிதாக எதுவும் அமையவில்லை.

இந்த நோய்க்கு நான் நம்புவது மருந்தை அல்ல, நாள்காட்டியை. இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்ததும், கோடையில் மண் சூடேறுவதற்குள் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மண்வெட்டி பட்டுக் காயம் ஆகக் கூடாது. உடனே காற்றோட்டமாக விரித்து உலர்த்த வேண்டும். குளுமையான இடத்தில் வைக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் மண் குளிர்ந்த பிறகுதான் மறுபடி நட வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் டாஃபடிலையே நடவும் கூடாது, ஏனென்றால் பூஞ்சை மண்ணிலேயே பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். ரகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இருக்கிறது சூட்சுமம். ‘கோல்டன் ஹார்வெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற மஞ்சள் ரகத்துக்கு இந்த நோய் உடனே பற்றிக்கொள்ளும். ‘செயின்ட் கெவர்ன்’ என்ற கார்ன்வால் ரகம் நன்றாக எதிர்த்து நிற்கும். புதிய ரகங்களுக்கு எதிர்ப்பாற்றல் ஊட்ட, இந்த இரண்டாவதைத்தான் பெற்றோர் செடியாக ஆராய்ச்சியாளர்கள் நாடினார்கள்.

தேனீ வேடமிட்ட ஈ

கிழங்கைப் பிளந்தால் நடுவில் சதையே இல்லை, பழுப்பான சேறும் அதற்குள் ஒரே ஒரு கொழுத்த சாம்பல் நிறப் புழுவும் இருக்கின்றன என்றால், அது நூற்புழு அல்ல. மெரோடான் ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற ஈயின் புழுப்பருவம். இந்த ஈயைப் பார்த்தால் ஈ என்றே நம்ப மாட்டீர்கள். உருண்டு திரண்டு, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து, அசல் பம்பிள் தேனீ மாதிரியே இருக்கும். கொட்டும் என்று பயந்து பறவைகள் விலகிப்போகட்டும் என்பதற்காக இந்த வேடம். எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தேனீக்கு இறக்கை நான்கு. ஈக்கு இரண்டே இரண்டு.

வெயில் காயும் வசந்த நாட்களில் தாய் ஈ, வாடத் தொடங்கிய டாஃபடில் இலைகளின் அடியில் முட்டை இடும். இலை வாடிச் சாயும்போது மண்ணில் ஒரு சிறு துளை விழுகிறது. பொரித்து வந்த புழு அந்த வழியே இறங்கி, கிழங்கின் அடிக்குப் போய், அடித்தட்டைத் துளைத்து உள்ளே நுழைகிறது. பொதுவாக ஒரு கிழங்குக்கு ஒரு புழு. அதை ஒழிக்க மருந்தே வேண்டாம். இலை வாடியதும் மண்ணைக் கிளறிவிட்டு அந்தத் துளையை மூடிவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. மெல்லிய வலைத்துணியால் பாத்தியை மூடி வைப்பவர்களும் உண்டு. வெந்நீர்க் குளியலிலும் இந்தப் புழு செத்துப்போகும், அதற்கு ஒரு மணி நேரமே போதும்.

இந்த ஈயும் நூற்புழுவும் கப்பலேறி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அமெரிக்கா 1926ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு டாஃபடில் கிழங்குகளுக்குக் கடும் தடை போட்டது.

அழகாகத் தெரியும் நோய்

வைரஸ் கதை வேறு மாதிரி. வைரஸ் புகுந்த டாஃபடில் அழுகாது, உடனே சாகாது. இலையில் மஞ்சள் கோடுகள் ஓடும். ஆண்டுக்கு ஆண்டு செடி குட்டையாகும், பூ சிறுக்கும். பரப்புவது அசுவினி. அசுவினிக்கு டாஃபடில் சாறு பிடிக்காது; அங்கே குடியிருக்காது. பறந்து வரும், வாயைக் குத்தி ஒரு துளி ருசி பார்க்கும், பிடிக்கவில்லை என்று அடுத்த செடிக்குப் போகும், அங்கேயும் ஒரு குத்து. வைரஸ் தொற்ற அந்தச் சில நொடிகளே போதும். ஆகவே அசுவினிக்கு மருந்து அடிப்பதாலும் பெரிய பலன் இல்லை. மருந்து வேலை செய்வதற்குள் அது ருசி பார்த்து முடித்துவிடும்.

இந்த வகை வைரஸ் ஒன்று ஒரு நாட்டையே ஆட்டிவைத்தது தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில், ஒரே நிறமாகப் பூத்துக்கொண்டிருந்த டியூலிப்பில் திடீரென்று வெள்ளையும் சிவப்புமாகத் தீச்சுடர் போல் கோடுகள் வரும். மக்கள் மயங்கிப்போனார்கள். ‘செம்பர் அகஸ்டஸ்’ என்ற கோடு போட்ட டியூலிப்பின் ஒரு கிழங்குக்கு நல்லதொரு வீட்டின் விலையைச் சொன்னார்கள். 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்தது. ஆனால் கோடு ஏன் வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1928இல், லண்டனுக்கு அருகே ஜான் இன்ஸ் ஆய்வு நிலையத்தில் டோரதி கேலி என்ற பெண் அறிவியலாளர், கோடு விழுந்த டியூலிப் கிழங்கையும் கோடு இல்லாத கிழங்கையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டுப்போட்டுப் பார்த்தார். கோடு இல்லாததிலும் கோடு வந்தது. அது அழகல்ல, தொற்றுநோய் என்பது உறுதியானது. விலை கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு காய்ச்சலைத்தான் வாங்கியிருக்கிறார்கள்!

வைரஸ் புகுந்த கிழங்குக்கு வயலில் வைத்தியம் கிடையாது. கண்டதும் பிடுங்கி எறிய வேண்டியதுதான். நெதர்லாந்தில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வசந்தத்தில் வரிசை வரிசையாக நடந்து, இலையையும் பூவையும் உற்றுப் பார்த்து, நோய்ச் செடியை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். லட்சக்கணக்கான செடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோட்டைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். இப்போது கேமரா பொருத்திய ரோபோக்களும் அந்த வேலைக்கு இறங்கியிருக்கின்றன. உயர்ந்த ரகம், எறிய மனமில்லை என்றால், ஆய்வகத்தில் அதன் நுனி வளர்திசுவை மட்டும் ஒரு துணுக்கு எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் புதுச் செடி உண்டாக்கலாம். வேகமாக வளரும் அந்த நுனிக்கு வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது.

இலைகளை மட்டும் தாக்கும் பூஞ்சைகளும் உண்டு. நுனி கருகுவது, சாம்பல் பூசணம் படர்வது என்று பல வகை. மழையும் ஈரமும் கூடினால் வரும், வெயில் வந்தால் தணியும். கருகிய இலைகளைச் சேர்த்து அகற்றி, செடிகளுக்கு நடுவே காற்று புக இடம் விட்டாலே பெரும்பகுதி அடங்கிவிடும். அவற்றைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

நோயே இல்லாமல் நோய் என்று பெயர் வாங்குவதும் ஒன்று உண்டு. இலை செழித்திருக்கும், பூ மட்டும் வராது. பல வீடுகளில் இதற்குக் காரணம் புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை, தோட்டக்காரரின் அவசரம். பூ உதிர்ந்த பிறகு இலைகள் அலங்கோலமாகக் கிடக்கின்றன என்று வெட்டிவிடுவார்கள், அல்லது பின்னல் போட்டுக் கட்டிவிடுவார்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் சமைத்துக் கிழங்குக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது ஆறு வாரம் அதை அப்படியே விட வேண்டும்.

நம் ஊரில் யாருக்கு வருகிறது?

திருச்சி, பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர்களிடம் அழுகல் நோயைப் பற்றிக் கேளுங்கள். இலை நுனியிலிருந்து மஞ்சளாகும், பிடுங்கினால் வேர் அற்று எளிதாகக் கையோடு வரும், அடித்தட்டில் வெண்பூஞ்சணம் இருக்கும் என்பார்கள். டாஃபடிலுக்கு வரும் அதே ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம்தான், ஆனால் வெங்காயத்துக்கென்றே ஆன வேறு வகை. இந்தப் பூஞ்சை இனத்தில் பல பயிர்களுக்குத் தனித்தனி வகைகள் இருக்கின்றன. நம் வாழைத்தோப்புகளை அழிக்கும் பனாமா வாடல் நோயும் இதே இனத்தின் இன்னொரு வகைதான். வெங்காயத்துக்குச் சொல்லும் பரிகாரங்களும் ஏறக்குறைய டாஃபடிலுக்குச் சொல்பவைதான்: தண்ணீர் தேங்காத நிலம், காயம் படாத அறுவடை, நன்றாக உலர்த்துதல், பயிர் சுழற்சி. கூடவே, கெட்ட பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையையும் மண்ணில் கலக்கிறார்கள்.

மொட்டை மாடித் தொட்டியில் அமரில்லிஸ் என்று சொல்லி வாங்கி வைத்த, பெரிய சிவப்புப் பூ பூக்கும் செடி உங்கள் வீட்டில் இருக்கலாம். அதன் சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். அதுவும் டாஃபடில் குடும்பமே. டாஃபடிலின் இலை நுனியைக் கருகச் செய்யும் ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை இதற்கும் வரும். ஆனால் இங்கே அது இலையிலும் பூந்தண்டிலும் செங்கல் சிவப்பில் கீறல் கீறலாகத் தெரியும். தண்டு ஒரு பக்கமாக வளைந்துபோகும். இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். சிவந்த இலையை அடியோடு நறுக்கி, குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலையில் எங்காவது அடிபட்டாலும் இந்தச் செடி சிவந்து காட்டும் என்பதால், ஒரே ஒரு கீறலைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். கீறல் பெருகினால்தான் நோய்.

புதுக் கிழங்கு எதை வாங்கினாலும் கடையிலேயே அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கழுத்தையும் அழுத்திப் பாருங்கள். மென்மையாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தோட்டத்தில் நோய்ச் செடி கண்டால், அதை மட்டும் அல்ல, நூற்புழு என்று சந்தேகம் இருந்தால் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு உள்ள கிழங்குகளையும் தோண்டி அகற்றச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெங்காயத்தின் உறவுதானே என்று எந்தப் பூங்கிழங்கையும் வாயில் வைத்துவிடாதீர்கள்.